ஊருக்கே ஒன்றாம் எண்

“ஒண்ணாம் நம்பர் எங்க வகையறாவுக்குத்தான். அய்யனார் கோயில்ல மொதப் பரிவட்டம் யாருக்குக் கட்டுறாங்க? எங்களுக்கு—”

“பரிவட்டம் தலையில கட்டுறதுய்யா! இது தண்ணி. கண்மாய்க்கு மொத மம்பட்டி போட்டதே எங்க பாட்டன்—”

“அந்த மம்பட்டியும் எங்க வீட்டுல எரவல் வாங்கினது!”

கணினி உலகின் மகத்தான சாதனைகள் எல்லாம் அமெரிக்காவில் நிகழ்ந்ததாகச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். டேட்டாபேஸ் நிர்வாகத்தின் ஆகப் பெரிய சீர்திருத்தம் கந்தர்வக்கோட்டைக்குக் கிழக்கே, எங்கள் கண்மாய்ப் பாசன சங்கத்தில், மேற்கண்ட உரையாடலில்தான் பிறந்தது. செயற்குழு உறுப்பினர் என்ற முறையில் உடனிருந்து, டீ குடித்து, கை தூக்கியவள் நான்.

பரிவட்டம் பேசியவர் சங்கத் தலைவர் ஆத்மநாதன். மம்பட்டி பேசியவர் துணைத் தலைவர் பழனிச்சாமி. நடுவில் மடிக்கணினியோடு அகப்பட்டிருந்தவர் நிலவழகன். சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் எங்கள் ஊர்ப் பொறியாளர். யார் வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்பதை இனி ஒரு வெப்சைட் சொல்லும், அதில் பெயர் இருந்தால்தான் மடை திறக்கும் என்று சங்கம் முடிவு செய்து, அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தது.

“தலைவரே, அந்த நம்பர் மரியாதைக்கு இல்லைங்க. யாரு யாருன்னு கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியணும்ல? அதுக்கு ஆளுக்கொரு நம்பர்.”

“எனக்கு எது போட்டிருக்கே?”

“அகர வரிசைங்க. அழகியக்கா ஒண்ணு, நீங்க ரெண்டு—”

ஒரு டீ டம்ளர் சுவரில் பட்டுத் தன் ஆட்சேபத்தைப் பதிவு செய்தது.

“ரெண்டா? தம்பி, நான் கல்யாண வீட்டுலகூட ரெண்டாம் பந்தியில ஒக்காந்ததில்ல!”

பல சுற்றுப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ‘நல்லிணக்கத் தீர்மானம்’ நிறைவேறியது. உறுப்பினர் அனைவருக்கும் எண் ஒன்று.

“எல்லாருக்கும் ஒண்ணா? அது ஏத்துக்காதுங்க. ஒரு நம்பர் ரெண்டு பேருக்கு வரக் கூடாதுன்னு உள்ளுக்குள்ள கட்டுப்பாடு இருக்கு.”

“யாரு போட்டது?”

“நாந்தாங்க.”

“அப்ப எடுத்துரு. ஊர்க் கட்டுப்பாட்டுக்கு மேல ஒரு கட்டுப்பாடா?”

“நாளைக்கு ஒருத்தர மட்டும் நீக்கணும்னா—”

“நல்ல காரியம் தொடங்குறப்ப நீக்குற பேச்சு எதுக்குப்பா?” என்றார் பழனிச்சாமி. அவரும் தலைவரும் ஒரே பக்கம் நின்றதை ஊர் கண்டது அன்றுதான். நிலவழகன் கட்டுப்பாட்டை எடுத்தார். நாங்கள் கை தட்டினோம்.

திறப்பு விழாவில் மடிக்கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். குங்குமம் சரியாகக் கேமராவின் மேல் அமைந்தது தெய்வச் செயல். அதன்பின் சென்னை மீட்டிங்குகளில் நிலவழகன் செக்கச் செவேலென்று தெரிந்தார். அதே விழாவில் தலைவர் ‘டேட்டாபேஸ் நிர்வாகி’யாகவும் ஏகமனதாகத் தேர்வானார். பாஸ்வேர்டு கேட்டார், வாங்கினார், சட்டைப் பையில் வைத்தார்.

தை பிறந்தது. கடைமடையில் செவந்தியின் நெல் பால் பிடிக்கும் பருவம். வியாழக்கிழமை அவள் முறை. அந்தத் தண்ணீர் தவறினால் கதிரெல்லாம் பதர்.

புதன்கிழமை, நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விட்ட ஓர் உறுப்பினரை நீக்கத் தலைவர் தாமே கணினி முன் அமர்ந்தார். ‘எண் ஒன்று நீக்கப்படும். சம்மதமா?’ என்று திரையில் வந்தது.

“சம்மதமான்னு கேக்குது பாரு. நம்ம பயலுகளுக்கு இந்த மரியாதை இருக்கா?” என்று நெகிழ்ந்தபடி அழுத்தினார்.

ஒன்றாம் எண் நீங்கியது. அதாவது, ஊர் நீங்கியது.

“பழைய நகல் ஒண்ணு எடுத்து வச்சிருந்தியேப்பா?” என்று நிலவழகனைக் கேட்டார் தலைவர்.

“அதையும் அழிக்கச் சொன்னீங்களே! அதுல அழகியக்கா ஒண்ணாம் நம்பரா இருக்காங்கன்னு.”

மறுநாள் காலை செவந்தி மடைக்குப் போனாள். மடை திறக்கும் நாகராசு செல்போனைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“ஒம் பேரு இல்லையே ஆத்தா.”

“என்னண்ணே, கண்ணு முன்னாடி நிக்கிறேன்.”

“இங்கிட்டு நிக்கிற. வெப்சைட்டுல நிக்கலையே.”

“பொறவு யாரு பேருதான் இருக்கு?”

“ஒருத்தரு பேரும் இல்ல.”

அவள் நேரே சங்கத்துக்கு ஓடி வந்தாள்.

“இன்னைக்கு எம் மொறைன்னு ஊருக்கே தெரியுமேங்க?”

“ஊருக்குத் தெரிஞ்சு என்னம்மா செய்ய? சிஸ்டத்துக்குத் தெரியணும்ல,” என்றார் தலைவர் பரிவோடு. எல்லாப் பெயரையும் நிலவழகன் மறுபடி ஏற்றி முடிக்கும் வரை மடைச் சாவி ‘பாதுகாப்பாக’த் தலைவர் வீட்டில் இருக்கும் என்று தீர்மானித்தோம். ஒரு சாவிக்கு அதைவிடப் பத்திரமான இடம் எங்கள் ஊரில் கிடையாது. கை தட்டினோம்.

வெள்ளிக்கிழமை அவசரக் கூட்டம். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

“இன்னைக்கு நம்ம ஊருல ஒண்ணாமவன், ரெண்டாமவன் கெடையாது. பெரியவன், சின்னவன் கெடையாது. எந்த நாட்டுலயும் வராத சமத்துவத்த நம்ம கம்ப்யூட்டர் கொண்டாந்துருக்கு!”

தட்டுவதற்காக நாங்கள் கைகளை உயர்த்தியபோது, செவந்தி உள்ளே வந்தாள். தன் வயலிலிருந்து வாய்க்கால் வழியாகவே மேலே நடந்து வந்திருக்கிறாள் போலிருக்கிறது. காலில் முதலில் பட்ட புழுதி, அதற்கு மேல் முழங்கால்வரை ஈரச் சேறு. கையில் வாடிப்போன கதிர்.

“தலைவரே, யாரு பேருமே இல்லாத ஊருல, தண்ணிக்கு மட்டும் ஒங்க வயலு எப்புடிங்க தெரிஞ்சுச்சு?”