ஏறாத மில்லிமீட்டர்

"இன்னிக்கும் ஆறுதான் பவதாரிணி," என்றார் டாக்டர் சத்யப்ரியா, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி.

ஆறு என்பது மில்லிமீட்டர். கருப்பையின் உட்சவ்வு, ஆஸ்பத்திரிப் பேச்சில் லைனிங், மாதாமாதம் தடித்து, கரு வராவிட்டால் மாதவிலக்காக உதிர்ந்துவிடும். வெளியே உருவாக்கிய கருவை உள்ளே வைக்க அது ஏழெட்டு மில்லிமீட்டராவது இருப்பது நல்லது. மெலிந்த சவ்வில் கரு ஒட்டுவது கஷ்டம். பவதாரிணிக்கு உறையவைத்திருந்ததோ ஒரே ஒரு கரு.

"மாத்திரையைக் கூட்டுங்க டாக்டர். வளர்க்காம விட மாட்டேன்."

"கூட்டுறேன். அப்பவும் ஏறலைன்னா இந்த மாசம் வைக்க முடியாதும்மா."

சவ்வை வளர்ப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். அது இருப்பது மாத்திரையில்தான், மாதுளையில் இல்லை என்று டாக்டர் படம் வரைந்தே காட்டியிருந்தார். ஆனாலும் கணவன் ராஜபாண்டி பழங்காநத்தம் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பை நிறைய மாதுளை வாங்கினான்.

மாமியார் சோணையம்மாளுக்கு இந்த வைத்தியம் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்து ஒரு டப்பாவில் போட்டு, சத்து மாத்திரை என்று சொல்லியிருந்தார்கள். இப்போது டப்பா நிறைந்ததும் சோணையம்மாள் முகம் சுருங்கியது.

"இம்புட்டையும் முழுங்குனா உடம்பு சூடாகிப்போகும்டா. அப்புறம் எங்கிட்டுப் புள்ள தங்கும்?"

ரத்தம் கம்மி என்று சமாளித்தான் மகன். மறுநாளிலிருந்து காலையும் மாலையும் ஈரல் வறுவல் வந்தது. பவதாரிணியின் சுடிதார்தான் இறுகியது. நடந்தால் ரத்த ஓட்டம் கூடும் என்று அவளைத் திருப்பரங்குன்றம் மலைக்கு ஏற்றினான் ராஜபாண்டி. கால் பிசகியது. நொண்டிக்கொண்டே ஸ்கேனுக்குப் போனாள்.

ஆறு.

"நாளைக்கு மறுபடி பாருங்க டாக்டர்," என்றாள் பவதாரிணி, பல்லைக் கடித்துக்கொண்டு.

விடிந்ததும் சோணையம்மாள் படுத்துவிட்டாள். மார் வலிக்கிறது, அடிவயிறு கனக்கிறது என்றாள். தீட்டு நின்று பத்து வருஷத்துக்கு மேலான உடம்பு. பயந்துபோன ராஜபாண்டி ரகசியத்தையெல்லாம் மறந்து, அம்மாவையும் சேர்த்தே கே.கே. நகரில் இருந்த அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

டாக்டர் முதலில் மாமியாரை ஸ்கேன் செய்தார். திரையை இரண்டு முறை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பத்து மில்லிமீட்டர். நாம எதிர்பார்த்த லைனிங் இதுதான். ஆனா இந்த வயசுல இருக்கக் கூடாதே! ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?"

சோணையம்மாள் மருமகளைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

"இவளுக்குச் சூடாகக் கூடாதுன்னு மொத நாள்ல இருந்தே டப்பாவுல உள்ளத எடுத்துட்டு, என் கேஸ் டிரபிள் மாத்திரையப் போட்டு வச்சிட்டேன் தாயி. காசு போட்டு வாங்குன சத்து மாத்திரை வீணாப் போகுமேன்னு, அம்புட்டையும் நாந்தான் தின்னேன்."