ஒத்தக்கால் அண்ணன்

ஈப்போவில் ஒழுங்காக நிற்கத் தெரிந்த மனிதர் ஒருவர்கூட இல்லை என்று மனதார நம்பியவர் எங்கள் ஒத்தக்கால் அண்ணன். ஓடுவது, குதிப்பது, பந்தடிப்பது எல்லாம் அவருக்கு அப்புறம்தான். "மொத நில்லுங்க, அப்புறம் ஓடலாம்லா" என்பார். அவருக்கு இரண்டு கால்களும் நன்றாகவே இருந்தன. வருகிறவர்களையெல்லாம் ஒற்றைக் காலில் நிற்கவைத்ததால் வந்த பெயர் அது. சொந்தப் பெயர், சட்டம் போட்ட சான்றிதழில் சுவரில் தொங்கியது. யாரும் படித்ததில்லை. படிக்கிற அளவுக்கு அசையாமல் யாரும் அங்கே நின்றதில்லை.

ஈப்போவின் சிலிபின் பகுதியில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் அவருடைய பிசியோதெரப்பி நிலையம். அங்கே வருகிற விளையாட்டுக்காரர்கள் எல்லாரையும் 'பிளேயர்' என்றுதான் கூப்பிடுவார். கீழே டயர் கடை வைத்திருந்த எழுபது வயதுச் சீனர், அவரும் பிளேயர். தபால்காரர், அவரும் பிளேயர்.

நான் போனது வலது கணுக்காலுக்காக. அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. அவருக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். பகலில் காப்புறுதி அலுவலகத்தில் வேலை, சாயங்காலம் ஹாக்கி. ஒரே கணுக்கால் ஒரே ஆண்டில் மூன்று முறை மடங்கியது. மூன்றாவது தடவை மைதானத்தில்கூட இல்லை. சந்தையில், கையில் அரைக் கிலோ கெம்போங் மீனோடு. வீக்கம் வடிந்துவிட்டது, எக்ஸ்ரேயும் சுத்தம். ஆனால் காலை நம்ப முடியவில்லை.

"சப்பாத்த கழட்டுங்க பிளேயர். வலது கால்ல நில்லுங்க. கண்ண மூடுங்க."

மூடினேன். அடுத்த நொடி அவர் மேலேயே விழுந்தேன்.

"ரெண்டு எண்ணிக்கை!" என்று சந்தோஷமாகச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார். "தசைநார் ஆறிடுச்சு. ஆனா கால் எங்க இருக்கு, எப்படி இருக்குன்னு மூளைக்குச் சேதி போகல. ஃபோன் இருக்கு, லைன் இல்ல. இவ்வளவு நாளா கண்ணு சமாளிச்சிருக்கு. மேட்ச்ல நீங்க கால பாப்பீங்களா, பந்த பாப்பீங்களா?"

அதிலிருந்து என் வீடு சர்க்கஸ் ஆனது. ஒற்றைக் காலில் பல் துலக்கினேன். ஒற்றைக் காலில் சோறு கிளறினேன். நிலையத்தில் ஒரு தடித்த ஸ்பாஞ்சின் மேல் ஏற்றிவிட்டு, பந்தை எறிந்து பிடிக்கச் சொல்வார், பிடிக்கும் நேரம் பார்த்து, "உங்க ஐசி நம்பர் என்ன?" என்று அடையாள அட்டை எண்ணைக் கேட்பார். பந்தும் போகும், நம்பரும் போகும், நானும் போவேன். "பார்த்தீங்களா? மேட்ச்ல இப்படித்தான். எல்லாம் ஒரே நேரத்துல வரும்."

வெளியிலும் அவர் சும்மா இருந்ததில்லை. ஒரு முறை கோயில் திருமணத்துக்குப் போனவர், வாசலில் கிடந்த ஒரு ஜோடி செருப்பைப் பார்த்து நின்றுவிட்டார். இடது அடி ஒரு பக்கமாகவே தேய்ந்திருந்ததாம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சொந்தக்காரர் வரும்வரை அரை மணி நேரம் காத்திருந்தார். தாலி கட்டியதைப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் வந்தார்.

"அண்ணே, உங்க இடது இடுப்பு கொஞ்சம் பலவீனமா இருக்கு."

"அது இருக்கட்டும். என் செருப்பு ஏன் உன் கையில இருக்கு?"

விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். மறு வாரம் அந்தப் பெரியவர் நிலையத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

இவ்வளவு சிரித்த எனக்கு, லீக் இறுதி ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்பு சிரிப்பு வரவில்லை. பயிற்சியாளர் கடிதம் கேட்டார், நான் விளையாடலாம் என்று. ஒத்தக்கால் அண்ணன் கண்ணை மூடச் சொன்னார். இடது கால் முப்பது எண்ணும்வரை நின்றது. வலது கால் பதினொன்றில் ஆடியது.

"கடிதம் இல்ல பிளேயர்."

"அண்ணே, எட்டு வருசமா இந்த ஃபைனலுக்குத்தான் காத்திருக்கேன். எனக்கு வலியே இல்ல!"

"வலி இல்லாததுதான் பயமா இருக்கு. இன்னொரு தடவ மடங்குனா ஆபரேசன்."

"உங்களுக்கு எண்ண மட்டும்தான் தெரியும். நிக்கறவங்க மனசு தெரியாது" என்று கத்திவிட்டு, சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கினேன். எங்கள் அணி ஒரு கோலில் தோற்றது. நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த மாடிப்படி ஏறவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவருடைய மனைவி வசந்தி அக்கா அழைத்தார். அண்ணனுக்குக் காய்ச்சலுக்குப் பிறகு உள்காதில் நரம்பு வீங்கி, உலகமே சுற்றுகிறதாம். மருத்துவமனையில் வைத்துப் பார்த்து, இனிப் பயிற்சிதான் செய்ய வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். இவர் கட்டிலைவிட்டு இறங்க மறுக்கிறார்.

"யார் சொன்னாலும் கேக்கல. நீங்க கோவமா இருக்கீங்கன்னு தெரியும். அந்தக் கோவத்தோடவே வந்து திட்டுங்க" என்றார்.

திட்டத்தான் போனேன். ஆனால் சாப்பாட்டு மேசையின் காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கழிப்பறைக்குப் போகக் கிளம்பியவர் பாதி வழியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.

"கண்ணு வீடு நிக்குதுங்குது. காது சுத்துதுங்குது. யார நம்பறதுன்னு தெரியல" என்றார்.

கட்டை விரலைக் கண்ணெதிரே நீட்டி, அதையே பார்த்துக்கொண்டு தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். முதலில் தலை இன்னும் அதிகமாகச் சுற்றும். விடாமல் செய்தால் மூளை பழகிக்கொள்ளும். இது அவரே எங்களில் பலருக்குச் சொல்லிக்கொடுத்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அதையே அவரைச் செய்யவைத்தேன். அவருக்கு இரண்டு திருப்பலில் வாந்தி வந்தது. வாளியில் முகத்தை வைத்துக்கொண்டே, "நீங்க பிடிச்சிருக்கிறது தப்பு. தோள பிடிக்கக் கூடாது, இடுப்புப் பக்கம் நிக்கணும்" என்று என்னைத் திருத்தினார்.

"வாய மூடிட்டுத் திரும்புங்க பிளேயர்" என்றேன்.

வாரத்தில் மூன்று சாயங்காலம், வேலை முடிந்து போனேன். உட்கார்ந்து செய்தார், நின்று செய்தார், பிறகு கூடத்தில் சுவரோரமாக நடந்தார். ஒரு நாள், கண்ணை மூடி நிற்கவேண்டிய நேரத்தில் என் கையை விடவே இல்லை.

"பயமா இருக்கு" என்றார். அப்புறம் மெதுவாக, "நீங்க எல்லாரும் விழுந்தப்ப நான் எத்தனைன்னு மட்டும்தான் எழுதினேன். பயந்தீங்களான்னு ஒரு தடவகூடக் கேட்டதில்ல" என்றார்.

"பயந்தேன் அண்ணே. மேட்சுக்கு இல்ல, அந்த ஸ்பாஞ்சுக்கு."

அவர் சிரித்தார். கையை விட்டார். நான்கு எண்ணும்வரை நின்றார்.

மூன்று மாதத்தில் நிலையத்தைத் திறந்துவிட்டார். அதே ஸ்பாஞ்ச், அதே ஐசி நம்பர் கேள்வி. ஆனால் கண்ணை மூடச் சொல்வதற்கு முன்னால், "பயமா இருந்தா சொல்லுங்க, நான் பக்கத்துலதான் நிக்கறேன்" என்று ஒரு வரி கூடியிருந்தது. முதல் ஆளாக நான்தான் போனேன். சில வாரங்களில் வலது காலும் முப்பதைத் தொட்டது. கடிதம் கிடைத்தது.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு அவரும் வசந்தி அக்காவும் வந்திருந்தார்கள். ஹாக்கியில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. கடைசி நிமிடத்தில் நான் ஒரு கோல் போட்டேன். எட்டு ஆண்டுகளில் என் முதல் கோல். திடலே எழுந்து நின்று கத்தியது. ஆட்டம் முடிந்ததும் வியர்வையோடு அவரிடம் ஓடினேன்.

"எப்படிண்ணே என் கோல்?"

"கோலா? எப்ப போட்டீங்க?" என்று உண்மையாகவே திகைத்தார். "நான் உங்க வலது கணுக்கால மட்டும்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."