முப்பது போலீஸ்காரர்களுக்கு என் அண்ணனைப் பாடமாக நடத்திய கதை

என் வாழ்க்கையில் நடித்துக் கைதட்டல் வாங்கியது ஒரே ஒரு தடவைதான். தட்டியவர்கள் முப்பது போலீஸ்காரர்கள். அதற்குப் பிறகு யாராவது என்னைப் பார்த்துக் கைதட்டினால் நான் முதலில் வாசல் எங்கே என்றுதான் தேடுவேன்.

எண்பதுகளின் தொடக்கம். மட்டாஞ்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வேலை எனக்கு. வயது இருபத்திரண்டு, மனசெல்லாம் மிமிக்ரி. அப்போது கொச்சியில் தெருவுக்கு நாலு மிமிக்ரிக்காரர்கள். நானும் கோயில் உற்சவம், மாதா கோயில் பெருநாள் என்று மேடை தேடி அலைந்தேன். (நாற்காலி அடுக்கும் வாய்ப்பு மட்டும் தாராளமாகக் கிடைத்தது.)

எங்கள் டாக்டருக்கு அந்தச் சமயம் பார்த்து ஒரு பொறுப்பு வந்தது. கஞ்சா அடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைக் கண்டுபிடிக்கப் போலீஸ்காரர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். சாராயம் என்றால் வாசனையே சொல்லிவிடும், இதற்கு ஆளைக் கவனிக்கப் பழக வேண்டும். முதல் நாள் அவர் கண், நாடி, நிதானம் என்று விளக்க விளக்க முன்வரிசையே தூங்கிவிட்டது. மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"எடோ, நீ மிமிக்ரிக்காரனல்லே? கஞ்சா அடிச்ச டிரைவரைப் போல ஒண்ணு செஞ்சு காட்டு."

நான் யோசிக்கவே இல்லை. மாதிரி எங்கள் வீட்டிலேயே இருந்தது.

என் அண்ணன் செல்வராஜ் கிடங்குகளில் மிளகும் சுக்கும் ஏற்றும் டெம்போ ஓட்டினான். பீடிக்குள் கஞ்சா வைத்துப் புகைப்பான். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். அந்த டெம்போவால்தான் அடுப்பு எரிந்தது. காலையில் தன் இரண்டு பெண் பிள்ளைகளையும் அதிலேயே ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவான். வண்டி தெருமுனையில் திரும்பி மறையும்வரை அண்ணி வாசலில் கும்பிட்டபடி நிற்பாள். நான் சாயா குடித்துக்கொண்டே அதைப் பார்ப்பேன். அவ்வளவுதான் நான் செய்தது.

வகுப்பில் ஒரு நாற்காலிதான் டெம்போ, பாத்திர மூடிதான் ஸ்டியரிங். குட்டப்பன் என்ற போலீஸ்காரர் வந்து என்னை நிறுத்திப் பேர் கேட்டார்.

"பேரா? என் பேரையா கேட்டீங்க?" என்று சிரித்துவிட்டுச் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழே எண்ணினேன். பிறகு பக்கத்துக் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்து, மரியாதையாக, "சேட்டா, கொஞ்சம் ஒதுங்குங்க, வண்டி வருது" என்றேன்.

சிரிப்பிலும் கைதட்டலிலும் அறையே அதிர்ந்தது. சிரித்து முடித்ததும் முப்பது பேரும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள். கேள்வியைத் திருப்பிக் கேட்டல். பொத்தான் எண்ணுதல். கண்ணாடியில் தெரியும் ஆளிடம் வழி கேட்டல். "எல்லாரும் இப்படியே இருப்பாங்கன்னு இல்லே" என்று டாக்டர் கத்தியது யார் காதிலும் விழவில்லை. எனக்கோ தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. என் பாடத்தை வைத்து முதல் ஆளைப் பிடித்துவிட்டார்களாம், நான் வந்து பார்க்க வேண்டுமாம். (இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

குட்டப்பன் வாசலுக்கே ஓடி வந்தார். "சாறே, நிங்ஙள் காணிச்ச அதே சாதனம்! சுள்ளிக்கல் முக்கில கிட்டி. கண்ணாடியோட வரை சம்சாரிச்சு!" நான் காட்டியது போலவே சுள்ளிக்கல் முனையில் ஒருவன் கண்ணாடியோடுகூடப் பேசிச் சிக்கினானாம்.

உள்ளே போலீஸ்காரர்கள் கைதட்டினார்கள். பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பள்ளிக்கூடப் பையோடு பிள்ளைகள் இரண்டும் யாரோ கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தன. சின்னது என்னைப் பார்த்ததும், "சித்தப்பா!" என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது.

கைதட்டல் நின்றது. குட்டப்பன் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீயாடா சொல்லிக் கொடுத்தே?" என்றான் அண்ணன்.

"யாருன்னு சொல்லலை அண்ணா. நடிக்க மட்டும்தான் செஞ்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

வீட்டில் சொல்லத் தைரியமில்லாததை மேடை கிடைத்ததும் முப்பது பேருக்கு முன்னால் ஆடிக் காட்டியவன் நான்.

லைசென்ஸ் போனது, வேலையும் போனது. அண்ணன் ஒரு கிடங்கில் மூட்டை தைக்கப் போனான். அண்ணி ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. மிமிக்ரியை நான் அன்றோடு விட்டேன். அண்ணன் அந்தப் பீடியை விடுவதற்கு மூன்று வருஷம் பிடித்தது. பிள்ளைகள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனார்கள். முதல்நாள் பஸ் புறப்பட்டதும் அண்ணி கும்பிடாமல் உள்ளே போனதைப் பார்த்தேன்.

இப்போது வீட்டில் எனக்குப் பேர் 'போலீஸ் வாத்தியார்'. வைத்தது அண்ணிதான். விசேஷத்துக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் சோறு போட மாட்டாள்.

பெரியவள் கல்யாணத்துக்கு முந்தின நாள் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பிள்ளைங்க வண்டியில இருந்தப்பவும் நான் அப்படியா ஓட்டினேன்?"

"சே, இல்லே அண்ணா. அவங்க இருந்தா நீ ரொம்ப நிதானம்."

நல்ல நடிகன் என்று முப்பது போலீஸ்காரர்கள் ஒப்புக்கொண்டவன் நான். அண்ணன் ஒரு நொடிகூட நம்பவில்லை.