இடம் மாறிய மச்சம்

மச்சத்தை எடுக்கவே முடியாது, தயாரிப்பாளருக்கு மிகவும் பிடித்துவிட்டது என்றார் ஓவியர். வேண்டுமானால் மறு கன்னத்துக்கு மாற்றித் தரலாமாம். கதாசிரியர் தொலைபேசிக்கே கும்பிடு போட்டார்.

வாரந்தோறும் தொலைக்காட்சியில் வரும் குடும்பக் கார்ட்டூன் தொடருக்கு அவர் கதை எழுதி வந்தார். மறுநாள் மாலை ஏழு மணி அத்தியாயத்தில் முதன்முறையாக ஒரு மாமியார் வருகிறார். கற்பனை வறண்டுபோன ஒரு பிற்பகலில், தம் சொந்த மாமியாரையே அச்சு அசலாக எழுதிக் கொடுத்துவிட்டார்: வலக் கன்னத்து மச்சம், 'நான் ஒண்ணும் சொல்லல' என்று தொடங்கி ஒரு மணி நேரம் சொல்லும் வழக்கம், எல்லாம். அந்த அம்மையாருக்குச் சொந்தமான வீட்டின் மாடியில்தான் தாம் குடியிருக்கிறோம் என்பது பிறகே உறைத்தது. கீழே ஒரு சொல் பிறந்தால், மேலே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஓவியர் மச்சத்தை இடக் கன்னத்துக்கு மாற்றினார். மறுநாள் காலை முகம் மழிக்கும்போது கதாசிரியரின் கை அப்படியே நின்றது. மாமியார் தம் முகத்தை அன்றாடம் பார்ப்பது கண்ணாடியில் அல்லவா? கண்ணாடியில் மச்சம் எந்தப் பக்கம் தெரியுமோ, இப்போது திரையிலும் அதே பக்கம் தெரியும்.

வசனத்தையாவது காப்பாற்றலாம் என்று 'எனக்கென்ன வந்தது' என மாற்றச் சொல்லி மன்றாடினார். அன்றே மறுபடி குரல் பதிவு செய்தார்கள். அந்தப் பக்கம் அவர் எட்டிப் பார்ப்பதில்லை. தாம் எழுதியதைப் பிறர் பேசக் கேட்க அவருக்குக் கூச்சம்.

மாலை ஐந்து மணிக்கு மாமியார் படியேறி வந்தார். கார்ட்டூன் எத்தனை மணிக்கு என்று கதாசிரியரின் மனைவி நினைவூட்ட, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பார்த்தா என்ன, பார்க்காட்டி என்ன? எனக்கென்ன வந்தது?"

பத்தாண்டுகளில் அவர் வாயில் வராத சொல். கதாசிரியர் மாடிப்படிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

ஆறரைக்கு யாரும் அறியாமல் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாடி மட்டும் இருண்டது. மனைவி சிறிதும் கலங்கவில்லை.

"அதனாலென்னங்க, கீழே அம்மா வீட்டுல பெரிய டிவி இருக்கே. பக்கத்து வீட்டுக்காரங்களையும் அங்கேயே வரச் சொல்லிட்டேன்."

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிற்று.

கூடத்தில் பத்துப் பேர். மாமியார் முன் நாற்காலியில் அமர்ந்திருந்தார். கதாசிரியர், தப்பித்து ஓட வசதியாக, செருப்புக்கு அருகிலேயே நின்றார். திரையில் மச்சம் வந்தது. "எனக்கென்ன வந்தது?" என்றது. போதாக்குறைக்குக் குரலும் அதே கரகரப்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள் திரையைப் பார்த்தார்கள், மாமியாரைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஏங்க, இது எங்கம்மாதானே?" என்று மனைவி காதோரம் கேட்டாள்.

விளம்பரம் வந்ததும் மாமியார் விருட்டென்று எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். காலில் விழுவதைத் தவிர வேறு வழியில்லை என்று கதாசிரியர் பின்னாலேயே நடந்தார். சமையலறை வாசற்படியில், அதிகம் பேசாத மாமனார் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இப்ப உள்ளே போகாதீங்க மாப்பிள்ளை. அந்த மாமியாருக்குக் குரல் குடுத்ததே அவதான். தெரிஞ்சா நீங்க கோவிச்சுக்கிட்டு வீட்டைக் காலி பண்ணிடுவீங்களோன்னு அழுதுக்கிட்டிருக்கா."