மஞ்சள் தண்ணீர்ச் சோதனை

இரண்டாவது நாளாகப் பார்த்துத்தானா இந்த ஆள் வந்து தொலைய வேண்டும்?

பிரேமினி இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமா அது? இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. பாடசாலை மண்டபத்தின் பின்சுவரில் சாய்ந்து நின்று, முன்னால் பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பதினோராந் தரத்துக்குச் சுகாதாரம் கற்பிப்பவள். "மாதவிடாய் நோயல்ல, குற்றமல்ல, வெட்கப்பட ஒன்றுமில்லை" என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியவள். அதே பிரேமினிதான் மாதாமாதம் பொகவந்தலாவை பஜாரில் ராசிக் நானாவின் கடைக்கு வேறு ஆளில்லாத நேரம் பார்த்து நுழைபவளும். அவரும் கண்ணைத் தூக்காமல் அந்தப் பொட்டலத்தைப் பழைய பத்திரிகையில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, வெடிகுண்டு கொடுப்பதுபோலக் கொடுப்பார். இருவரும் பேசிக்கொள்வதில்லை. கரும்பலகையில் எழுதுவது சுலபம்.

பலகையில் இருந்தவர் பெயர் அழகன். வெறும் அழகனாக இருந்த காலத்தில் மஸ்கெலியாப் பக்கம் மரக்கறி விற்றாராம். போன வருடம் அவர்மேல் அம்மன் இறங்கினாள். மரக்கறிக் கடையை மூடிவிட்டார். இப்போது அவர் மஞ்சத்தண்ணிச் சாமி. வெள்ளிக்கிழமையானால் வான் பிடித்துக்கொண்டு சனம் வருகிறது. அவருடைய கிண்ணத்தில் தண்ணீர் நிறம் மாறும் காட்சியை முப்பதாயிரம் பேர் போனில் பார்த்திருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்துக் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீரே வரவில்லை. அதை ஒருவரும் படம் பிடிக்கவில்லை.

சாமியின் திறமை ஒன்றே ஒன்று. ஒரு பெண் தீட்டோடு இருக்கிறாளா இல்லையா என்று கண்டுபிடிப்பார். உலகத்தில் இத்தனை வேலை கிடக்க, அம்மன் இவரை இந்த வேலைக்கென்று தேர்ந்தெடுத்திருக்கிறாள். பெண்ணின் ஈர உள்ளங்கையில் விபூதி வைப்பார். மந்திரம் முணுமுணுப்பார். அவள் கையை மஞ்சள் தண்ணீர்க் கிண்ணத்தில் கழுவ வேண்டும். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் சுத்தம். இரத்தமாகச் சிவந்தால் தீட்டு. பரிகாரம் ஒரு வெள்ளைச் சேவல். சேவல் அம்மனுக்குத்தான். அம்மன் சாமியின் வீட்டுக் குசினியில் சாப்பிடுகிறாள், அவ்வளவுதான்.

அவர் பாடசாலைக்குள் வந்த கதை சிறியது. காலைக் கூட்டத்தில் இரண்டு பெண் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு இரண்டு மைல் மலையேறி வந்து வெயிலில் நின்ற பிள்ளைகள். ஆனால் பசி ஒரு காரணமாக யாருக்கும் தோன்றவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் முனியாண்டி கோயில் இருந்தது வசதியாகிவிட்டது.

"தீட்டோட எவளோ கோயில் பாதையில நடந்திருக்கா," என்றார் கோயில் கமிட்டித் தலைவர் ஆண்டியப்பன், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. "பின்ன என்னா? ஆம்பளப் புள்ளயையும் பொம்பளப் புள்ளயையும் ஒண்ணா ஒக்கார வச்சி அந்த டீச்சரு அசிங்கப் பாடம் நடத்துது. முனிக்கிக் கோவம் வராதா?"

அசிங்கப் பாடம் என்பது சுகாதாரப் புத்தகத்தின் ஓர் அத்தியாயம். பிரேமினி இதே பாடசாலையில் படித்தபோது அந்தப் பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்திருந்தார்கள். "வீட்டுல வாசிச்சிக்கங்க," என்றார் அன்றைய டீச்சர். எட்டுப் பேர் படுக்கும் லயக் காம்பராவில், யார் முன்னால் வைத்து வாசிப்பது? முதல்முறை அவளுக்கு அது வந்தபோது, தான் சாகப்போகிறோம் என்று நினைத்துத் தேயிலைக் கொழுந்துக் காட்டில் ஒளிந்துகொண்டாள். இந்த வருடம் அவள் செய்த ஒரே புரட்சி, இன்னும் அடித்துவந்த அந்தக் கம்பிகளைக் கழற்றியதும் பையன்களை கிரவுண்டுக்கு விரட்டாததும்தான்.

போன வெள்ளிக்கிழமை முதல் சோதனை நடந்தது. சாமி மந்திரம் சொல்லும்போது அவருடைய மடியிலிருந்த போன் ஒரு குத்துப்பாட்டைப் பாடியது. சுலக்ஷனா சிரித்துவிட்டாள். நாற்பது பெண்களில் கிண்ணம் சிவந்தது சுலக்ஷனாவுக்கு மட்டும். என்னவொரு தற்செயல். நாற்பத்தெட்டு நாளைக்கு அவள் பாடசாலை வளவுக்குள் கால் வைக்கக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. பதினோராந் தரத்தின் ஓ.எல். அரசாங்கப் பரீட்சை நாற்பதாவது நாள். இதே மண்டபத்தில்.

பிரேமினி லயத்துக்குப் போய்ப் பார்த்தாள். சுலக்ஷனாவின் அம்மா பேச்சியம்மா மலையில் கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"நான் என்னா டீச்சர் செய்யிறது? எதுத்துப் பேசுனா நாளைக்கி எங்க வீட்டுச் சாவுக்கும் ஒருத்தன் வரமாட்டான்."

சுலக்ஷனா அம்மாவுக்குக் கேட்காமல் சொன்னாள்: "டீச்சர், எனக்கு அது முடிஞ்சி பன்னெண்டு நாளாச்சி."

"அத ஏன் அங்கயே சொல்லல?"

"எப்டி டீச்சர் சொல்றது? அத்தன ஆம்பளைங்க முன்னுக்கு." பிறகு உள்ளங்கையைத் தடவிக்கொண்டாள். "அந்த விபூதி பட்ட எடம் எரிஞ்சிச்சி டீச்சர். சுண்ணாம்பு பட்டாப்புல."

திரும்பும் வழியெல்லாம் அந்த இரண்டு பதில்களும் பிரேமினியோடு நடந்தன. சுண்ணாம்பு ஏன் என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. எப்படிச் சொல்வது என்று அந்தப் பிள்ளை கேட்டதற்குத்தான் அவளிடம் விடையில்லை.

இன்று இரண்டாவது வெள்ளிக்கிழமை. ஒரு வாரச் சோதனை முனிக்குப் போதாதாம். தரம் எட்டிலிருந்து பதினொன்றுவரை எல்லாப் பெண் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். பையன்களை கிரவுண்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்கள் எல்லாரும் யன்னல்களில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கோயில் கமிட்டி ஆண்களும் பிள்ளைகளின் தாய்மாரும் சுவரோரம் நின்றார்கள். பிள்ளைகள் உட்காரும் வாங்கின் காலில் மூன்று வெள்ளைச் சேவல்கள் முன்னேற்பாடாகக் கட்டப்பட்டிருந்தன. அம்மனுக்கு இன்றைக்கு எத்தனை தீட்டு வரும் என்பதுகூடத் தெரிந்திருக்கிறது.

சாமியின் இடுப்பில் இரண்டு பைகள் இருந்தன. இடது பையிலிருந்து எடுத்தால் தண்ணீர் மஞ்சளாகவே இருக்கும். வலது பையிலிருந்து எடுத்தால்? போன வாரம் ஒரே ஒரு முறைதான் அந்தக் கை வலதுபக்கம் போனது. அதைச் சொல்லலாம். சுண்ணாம்பென்று சொல்லலாம். அம்மன் சக்தியில் விபூதி சுண்ணாம்பாகிவிட்டது என்பார்; கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அவரால் மறுக்கமுடியாத ஒரு சாட்சி இந்த மண்டபத்தில் ஒன்றுதான் இருந்தது. அது அவளுடைய இடுப்பில் வலித்துக்கொண்டிருந்தது.

பிரேமினி முன்னால் நடந்தாள்.

"சாமி, புள்ளைகளுக்கு முந்தி என் கையப் பாருங்க."

அதிபர் செல்லசாமியின் முகம் மலர்ந்தது. டீச்சர் ஒருவழியாகத் திருந்திவிட்டாள். சாமியும் மலர்ந்தார். அரசாங்க டீச்சரே கை நீட்டுகிறாள். போனில் படம் ஓடுகிறது. கை இடது பைக்குத்தான் போனது. விபூதி. மந்திரம். பிரேமினி கையைக் கழுவினாள். கிண்ணம் மஞ்சளாகவே இருந்தது.

"டீச்சரம்மா பத்தரை மாத்துத் தங்கம்," என்றார் சாமி. "தூசளவும் தீட்டில்ல."

"நல்லாப் பாத்தீங்களா சாமி?"

"அம்மன் கண்ணுக்குத் தப்புமா தாயி?"

பிரேமினி ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். யன்னலில் அவளுடைய மாணவர்கள். வரிசையில் அவளுடைய மாணவிகள். ராசிக் நானாவின் கறுப்புப் பை ஏனோ நினைவுக்கு வந்தது.

"இன்னைக்கி எனக்கு ரெண்டாவது நாள்," என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் கடைசி வாங்குவரை கேட்டது. வெற்றிலைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த ஆண்டியப்பனின் விரல், சுண்ணாம்போடு பாதியில் நின்றது.

"பொய்யி," என்றார் சாமி. "அம்மன்கிட்ட வெளாடாத."

கதவோரம் நின்றிருந்த பேச்சியம்மா குரல் கொடுத்தாள். "இத்தன ஆம்பளைங்க முன்னுக்கு எந்தப் பொம்பள இதப் பொய்யாச் சொல்லுவா?"

பெண்கள் பக்கம் சலசலத்தது.

"சரி," என்றாள் பிரேமினி. "தண்ணிய மாத்த வேணாம். விபூதியும் வேணாம். தலைவரு சும்மா கைய விடட்டும்."

"எனக்கெதுக்கு? நான் ஆம்பள."

"அப்ப என்னாங்க பயம்?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஆண்டியப்பனுக்கு ரோஷம் வந்தது. விரலில் அப்பியிருந்த சுண்ணாம்போடு விறுவிறுவென்று வந்து கையைக் கிண்ணத்தில் விட்டு ஒரு கலக்குக் கலக்கினார்.

கிண்ணம் சிவந்தது.

யன்னலிலிருந்து ஒரு குரல் கேட்டது: "தலைவருக்கு எத்தனாவது நாளு?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. பேச்சியம்மா சிரிக்கவில்லை. கிட்டே வந்து கிண்ணத்தையே பார்த்தாள்.

"இது நம்ம ஆலாத்தித் தண்ணில்ல?"

ஆமாம், அதேதான். அந்த மண்டபத்தில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று தெரியாமல் இல்லை. சடங்குக்கும் கல்யாணத்துக்கும் ஆலாத்தி கரைத்துச் சுற்றிக் கொட்டிய கைகள்தான் எல்லாம். வீட்டில் தாங்கள் கரைத்தால் ஆலாத்தி. சாமி கரைத்தால் அம்மன்.

பேச்சியம்மா குனிந்து சாமியின் வலது பைக்குள் விரலை விட்டாள். நாக்கு நுனியில் வைத்தாள். துப்பினாள்.

"சுண்ணாம்பு. முப்பது வருசமா வெத்தல போடுறேன், எனக்குத் தெரியாதா? எம்புள்ளயப் படிக்க விடாமச் செஞ்சிட்டியேடா."

சாமி எழுந்தார். கடைசி பஸ் போய்விடும் என்றார். மணி பகல் இரண்டரை. அம்மன் மலையேறினாளோ என்னவோ, அழகன் கிடுகிடுவென்று இறங்கினார். சேவல்களை மறந்துவிட்டார். அவற்றில் ஒன்று நேரங்கெட்ட நேரத்தில் கூவியது. அன்று அந்த மண்டபத்தில் தானாக உண்மை பேசிய ஒரே ஆண் அதுதான்.

திங்கட்கிழமை சுலக்ஷனா முன்வரிசையில் இருந்தாள். பிரேமினி அந்த அத்தியாயத்தைத் திறக்கச் சொன்னபோது அதிபர் செல்லசாமி வாசலில் வந்து நின்றார். நல்ல மனிதர். சண்டை பிடிக்கத் தெரியாதவர்.

"டீச்சர், சாமி பொய்யின்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஆனா நீங்க சபையில அப்டிச் சொன்னதத்தான் தாங்க முடியலங்கிறாங்க."

ஏமாற்றியவனை மூன்று நாளில் மறந்துவிட்டார்கள். உண்மை சொன்னவளைத்தான் மறக்க முடியவில்லை. தண்ணீர் எதனால் சிவக்கிறது என்று தெரிந்த ஊர் இது. தெரிந்ததை யோசிக்கவேண்டாம் என்று எந்த அம்மன் வந்து தடுத்தாள்?

"ஒண்ணும் பெருசா இல்ல," என்றார் செல்லசாமி, குரலை இன்னும் தாழ்த்தி. "பையன்கள கிரவுண்டுக்கு அனுப்பிருங்க. பொம்பளப் புள்ளைகளுக்குக் கதவச் சாத்திட்டு மெதுவா சொல்லிக் குடுங்க. அவ்வளவுதான்."

கதவின் பிடியில் அவரே கையை வைத்தார். பையன்கள் சிலர் பழக்க தோஷத்தில் எழுந்துகொண்டிருந்தார்கள். பிரேமினி அவர்களைப் பார்த்து உட்காரும்படி கையசைத்தாள். வெளியே மலையிலிருந்து பனிப்புகார் மெல்ல வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. குளிரத்தான் செய்தது.

"கதவு தெறந்தே இருக்கட்டும் சார்," என்றாள்.