ஏனுங்கக்கா பார்த்த பட்டாளத்துப் படம்

ஒரே சினிமாவைத் தினம் தினம் பார்த்து, தினம் தினம் திட்டித் தீர்த்த ஆத்மா எடப்பாடியில் ஏனுங்கக்கா ஒருவர்தான். கேள்வி கேட்காமல் அவருக்கு மூச்சு விட வராது. எல்லாக் கேள்வியும் "ஏனுங்க" என்றுதான் ஆரம்பிக்கும். சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது.

யுத்த காலம். கூடாரக் கொட்டகையில் நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். அக்கா வாசலில் முறுக்கு விற்பார். படம் ஆரம்பித்ததும் கூடையோடு பெண்கள் பக்கத்து மணலில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஓடியது ஒரு பட்டாளத்துக் காதல் கதை. குண்டு விழ விழக் கதாநாயகன் காதலிக்குக் கடிதம் எழுதுவான். அடுத்த காட்சியிலேயே அது அவள் கையில் இருக்கும்.

"ஏனுங்க, அந்தத் தபால்காரனுக்கு நம்மூருக்கு வழி தெரியாதுங்களா?"

கொட்டகையே சிரிக்கும். அக்காவின் புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போயிருந்தார். இரண்டு வருஷமாக ஒரு கடிதாசி இல்லை. அது தெரிந்துதான் சிரித்தோம். நானும்தான்.

கதாநாயகி பட்டுப்புடவையில் நிலாவைப் பார்த்து ஏங்குவாள். "ஏனுங்க, இவளுக்குச் சோறு போடறது ஆருங்க?" கடைசியில் கதாநாயகன் மடிப்புக் கலையாத சட்டையோடு திரும்பி வருவான். "ஏனுங்க, இவன் சண்டைக்குப் போனானுங்களா, சலவைக்குப் போனானுங்களா?"

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "அந்தம்மாவ வெளிய அனுப்புய்யா" என்றார். போனேன்.

"ஏனுங்க சாமி, நீங்களே சொல்லுங்க. இது நடக்கற கதைங்களா?"

அவரை எழுப்பாமலே வாசலுக்குத் திரும்பினேன். அந்தக் கதையை எழுதிய மகானுபாவர் யுத்தத்தையும் பார்த்ததில்லை, காத்திருக்கிறவளையும் பார்த்ததில்லை.

ஒரு நாள் சர்க்கார் கடிதம் வந்தது. எனக்கு நாலு எழுத்து இங்கிலீஷ் தெரியும் என்று அக்கா என்னிடம் கொண்டுவந்தார். புருஷனைக் காணவில்லையாம்; இறந்துவிட்டதாகவே கொள்ள வேண்டுமாம். தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமும் கூடையோடு வந்தார். வழக்கம்போல் மணலில் உட்கார்ந்தார். படம் முழுக்க வாய் திறக்கவில்லை. கடைசியில் கதாநாயகன் திரும்பி வந்தான். விஷயம் தெரியாத ஜனம் மொத்தமும் ஆவலோடு பெண்கள் பக்கம் திரும்பியது.

"அக்கோவ், கேளுங்க!" என்று ஒருவன் கத்தினான்.

"உடுங்க சாமி," என்றார் அக்கா. "அவனாச்சும் ஊடு வந்து சேரட்டும்."

அதற்கும் சிரித்தார்கள்.

நான் வாசலை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனேன். முறுக்குக் கூடையை வாங்கி என் தலையில் வைத்துக்கொண்டு, அக்காவின் வீடு வரைக்கும் கூடவே நடந்தேன்.