அப்பா அட்டை

மகள் மறுபடியும் பிஸ்கட் அட்டையைத்தான் நீட்டினாள்.

"இது பிஸ்கட்டு. அப்பா எங்க? அப்பா அட்டையைக் குடு பார்ப்போம்," என்று தரையில் மண்டியிட்டுக் கெஞ்சினார் போட்டோக்காரர். வட்டாரத்தில் பாதிப் பேரின் பாஸ்போர்ட் படம் அவர் எடுத்ததுதான். முறைக்கிற ஆளையும் சிரிக்க வைத்துவிடுவார். சொந்த வீட்டில்தான் அவர் முகம் விலைபோகவில்லை.

மகளுக்கு இரண்டரை வயது. ஆட்டிசம், பேச்சு இன்னும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் டீச்சர் ஒரு சின்ன ஆல்பம் கொடுத்திருந்தார். அதில் ஒட்டி எடுக்கிற மாதிரி பட அட்டைகள். வேண்டியதன் அட்டையைப் பிய்த்து எதிரே இருப்பவர் கையில் கொடுத்தால் அது உடனே கிடைக்கும். ஒரே மாதத்தில் பிஸ்கட், பந்து, தண்ணீர் எல்லாம் கேட்கப் பழகிவிட்டாள். அதுவரை எல்லாவற்றுக்கும் அழுகை ஒன்றையே வைத்திருந்த பிள்ளை முதன்முதலாகக் கேட்டு வாங்கியபோது, பெற்றவர்கள் இரண்டு பேரும் அழுதார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். அவராகவே 'அப்பா' அட்டை ஒன்று செய்து ஒட்டினார். இரண்டு வாரம் ஆயிற்று. அவரிடம் அதை அவள் நீட்டவே இல்லை.

"என் படம் அதுல இல்லவே இல்ல. அதுக்காக நான் அழுதேனா?" என்றாள் மனைவி.

"உனக்கென்ன, நீ பெத்தவ."

"நீங்க மட்டும் கடையில வாங்கினீங்களா?"

மனைவி ஏழு மணிக்கே பஸ் பிடிக்க ஓடுகிறவள். பத்து மணிக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வருவார். கேட்டால்தான் பதில் சொல்லும் ரகம். அவர் வந்ததும் போட்டோக்காரர் ஸ்டூடியோவுக்குக் கிளம்புவார்.

குறை படத்தில்தான் என்று அவருடைய தொழில்புத்தி சொன்னது. முதல் படம் விறைப்பு. இரண்டாவதில் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். மகள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் பந்தைக் கேட்டாள். மூன்றாவதை இரண்டு மடங்கு பெரிதாக்கியதில் தண்ணீர் அட்டை அடியில் மறைந்துபோய், பிள்ளை தாகத்தில் அழுதது.

நான்காவதில் கையில் பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலையே அட்டை கைக்கு வந்தது. "என்னைக் கேட்டுட்டா!" என்று கத்தி மகளை வாரித் தூக்கினார். அவள் நெளிந்து இறங்கி, அவருடைய இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். பிஸ்கட் இல்லை. சட்டைப்பைக்குள் கை விட்டாள். அங்கேயும் இல்லை. பிறகு அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி அலறினாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அப்படியும் அவர் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மற்ற அட்டைகளையெல்லாம் பிடுங்கி பீரோவில் பூட்டினார். ஆல்பத்தில் அப்பா மட்டும், அதே பழைய விறைத்த படத்தில். போட்டியே இல்லாத தேர்தலிலும் அவருக்கு ஓட்டு விழவில்லை. மகள் காலிப் பக்கங்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஆல்பத்தை வீசி எறிந்தாள். எல்லாவற்றையும் திருப்பி ஒட்டிக் கொடுத்தும் அவர் எதிரில் அதைத் தொடவில்லை. பழைய அழுகை திரும்பி வந்தது.

நடந்ததை டீச்சரிடம் போய்ச் சொன்னார்.

"சார், அந்த அட்டைங்கதான் அவ வாய். நீங்க அதைப் பூட்டிட்டீங்க."

"ஒரு தடவையாவது என்னைக் கேட்பாளான்னுதான்..."

"அவளுக்கு வேணுங்கிறதைக் கேட்கத்தான் அட்டை. நமக்கு வேணுங்கிறதைச் சொல்ல வைக்க இல்ல."

அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட பயம் அதிகமாக இருந்தது. தன்னால் பிள்ளை கேட்பதையே மறந்துவிட்டால்? ஒரு வாரம் எதையும் சொல்லாமல், எதையும் கேட்காமல், அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். எட்டாம் நாள் பந்து அட்டை அவர் மடியில் வந்து விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தை எடுத்துக் கொடுத்தார்.

இனி ஆசையே வேண்டாம் என்று மறுநாள் காலை அப்பா அட்டையைத் தானே பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார். கேட்காத பிள்ளையை எதற்குத் தொந்தரவு செய்வது?

"தாடையைக் கொஞ்சம் தூக்குங்க," என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. ஒரு வருஷத்தில் அவராகப் பேசுவது இதுதான் முதல் முறை.

"சார், பாப்பா வாசக்கதவை விட்டு நகர மாட்டேங்குது. ஆல்பத்துல ஒரு அட்டையைக் காணோம்."

"பிஸ்கட்டா? பந்தா? வீட்டுலதானே இருந்துச்சு..."

"உங்க படம் சார். தினமும் நீங்க படி இறங்கின உடனே அதைத்தான் கொண்டுவந்து என் கையில குடுக்கும். 'சாயங்காலம் வந்துடுவாரு'ன்னு சொல்லி நான் திருப்பி ஒட்டி வைப்பேன்."